திங்கட்கிழமை மியூசியம்

முதலாளி வீட்டுப் பிள்ளை சிரித்த முகத்தோடு வந்து நின்றால், நான் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கையெழுத்து வாங்க ஏதாவது பேப்பர் கொண்டுவந்திருக்கிறதா என்று. என் புத்தி அப்படி. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் கல்யாணம் ஆன நாள் முதலாகத் திரி வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு எந்தப் புத்தி வரும்?

அன்றைக்கு ஹர்ஷினி பாப்பா கையில் ஒன்றுமே இல்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஹர்ஷினி எங்கள் முதலாளி ராஜபாண்டியனின் ஒரே மகள். சென்னையில் படித்துவிட்டு வந்து ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் நடுவில் வந்து, பாவாடையெல்லாம் மண் ஒட்ட உட்கார்ந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். திருவனந்தபுரத்துல மியூசியம் இருக்கு. பெரிய பெரிய ஓவியம், சிலை எல்லாம் பாக்கலாம். வண்டி, சாப்பாடு எல்லாம் கம்பெனிச் செலவு."

"கடல் உண்டா பாப்பா?" என்று கேட்டாள் கருப்பம்மாள். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். என் குழம்பை அவளும் அவள் குழம்பை நானும் ஊற்றித்தான் இத்தனை வருசமும் சாப்பிட்டிருக்கிறோம்.

"உண்டு. பத்மநாபசாமி கோயிலும் உண்டு."

எல்லாருக்கும் வாயெல்லாம் பல். நான் மட்டும் கேட்டேன்: "எதுக்கு பாப்பா இதெல்லாம்?"

"தினமும் பெட்டி மேல எத்தனை படம் ஒட்டுறீங்க. மயில், சிங்கம், ராணின்னு. ஒரு நல்ல படத்தை நேர்ல நின்னு பாத்திருக்கீங்களா? நான் அங்க போனப்பல்லாம் உங்களைத்தான் நெனைச்சேன்."

நல்ல பதில்தான். நல்ல பதிலாக இருந்ததால்தான் நான் நம்பவில்லை. அதோடு, அவள் கூப்பிட்டது பத்துப் பேரைத்தான். கம்பெனியில் எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். "எல்லாரையும்தான் கேட்டேன், சீசன் நேரத்துல முடியாதுன்னு அப்பா இந்தப் பேரை மட்டும் குடுத்தாங்க" என்றாள். அந்தப் பத்துப் பேரும் யார் என்று எனக்குத் தெரியும். என் தம்பி முனியராஜ் சாகும்போது வெளியே நின்று பார்த்தவர்கள்.

அதைச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் நடந்தது. நாலு பேர் மட்டும் வேலை பார்க்க வேண்டிய ரூமில் எங்களைப் பதினோரு பேராக உட்கார வைத்திருந்தார் போர்மேன் அருள்பாண்டி. ஆர்டர் நெருக்குகிறது என்று காய்ந்த சரக்கையும் அங்கேயே அடுக்கச் சொல்லிவிட்டார். கால் வைக்க இடமில்லை. வெடிமருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுத்தால் உரசித் தீப்பிடித்துவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க வழி வேண்டுமே. பொம்பளைகள் பத்துப் பேரும் சாப்பிட வெளியே வந்தோம். "ஏலே, அந்தத் தட்டை ஓரமா இழுத்துப் போட்டுட்டு வாலே" என்று அருள்பாண்டி சத்தம் போட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. தம்பி இழுத்தான். அதற்குப் பிறகு அந்த ரூமே இல்லை.

கம்பெனி வேறு கதை கட்டியது. முனியராஜ் பீடியோடு உள்ளே போனானாம். பீடி வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவன் அவன். இரண்டு மாதம் கம்பெனியைப் பூட்டி வைத்தார்கள். வேலை இல்லாத ஊர் யாரைத் திட்டும்? செத்தவனைத் திட்டியது. "ஒன் புருசன் பீடியால எங்க அடுப்பு அணைஞ்சு போச்சு" என்று தண்ணீர்க் குழாயடியில் வைத்து அவன் பெண்டாட்டி பாண்டிலட்சுமியைக் கேட்டார்கள். அதிலிருந்து அவள் வெளியே தலை காட்டுவதே இல்லை. விசாரணை ஒன்று வரும், அதிகாரி முன்னால் நாங்கள் பார்த்ததைச் சொல்லி, தம்பி மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது என்றைக்கு என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலைமையில் மியூசியம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மறுநாளும் பாப்பா வந்தாள். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

"பையை வாசல்லயே குடுத்துடணும். உள்ள எதையும் தொடக் கூடாது. ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. செல்போனை எடுக்கக் கூடாது. எல்லாரும் ஒரே ரூம்ல கும்பலா நிக்காம கொஞ்சங்கொஞ்சம் பேரா போகணும். தீப்பெட்டி கீப்பெட்டி எதுவும் வச்சிருக்கக் கூடாது."

சோற்றைப் பிசைந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. கருப்பம்மாள் என் காதில் கிசுகிசுத்தாள்: "ஏடி இருளு, இது நம்ம மருந்து ரூமு மாதிரில்ல இருக்கு?"

எனக்கும் அதேதான் தோன்றியது. நாங்கள் தினமும் கம்பெனி கேட்டில் கேட்கிற பாட்டு இது. வெறும் படம் மாட்டிய ரூமுக்கு எதற்கு இம்புட்டுக் கட்டுப்பாடு? காலண்டரைத் தொட்டால் வெடிக்கவா செய்யும்? பாப்பா எழுந்து போனதும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கேரளாக்காரக திருவிழாவுக்கு விடிய விடிய வெடி போடுறவுகளாச்சே. அங்கன எங்கயோ புதுக் கம்பெனி வச்சிருக்காக. நம்மள வேலைக்கு விட்டுட்டு வரப்போறாக" என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அதையும் மனசில் ஒரு பக்கம் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் அருள்பாண்டி வந்து, "டூரு ஞாயித்துக்கிழமை இல்ல, திங்கக்கிழமை. அன்னைக்குச் சம்பளமும் உண்டுன்னு மொதலாளி சொல்லிட்டாக" என்றார். சீசனில் ஒன்றுக்குப் போய்விட்டு வர நேரமானாலே முறைக்கிற மனுசன் அவர். வேலை நாளில் சம்பளமும் கொடுத்து ஊர் சுற்றச் சொல்கிறார். மற்றவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்காததை அப்போது நான் கவனிக்கவில்லை. என் சந்தேகம் முழுக்க மேலே இருக்கிறவர்கள் மேல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாண்டிலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். தம்பி செத்த பிறகு அவள் தெருவில் இறங்கி நடந்து வந்தது அன்றைக்குத்தான்.

"மதினி, தலையாரி வந்து சொல்லிட்டுப் போறாரு. நாளைக்குப் பதினொரு மணிக்குச் சாத்தூருல விசாரணையாம். வேலை பாக்கிறவுகளுக்குக் கம்பெனி மூலமாத் தகவல் குடுத்தாச்சுன்னாரு. ஒங்களுக்குச் சொல்லிட்டாகள்ல?"

எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. என் மகள் ரோஜா சிவகாசியில் காலேஜ் படிக்கிறாள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அவள் செல்போனை எடுத்துத் தேடினாள்.

"அம்மா, அந்த மியூசியத்துக்குத் திங்கக்கிழமை லீவும்மா."

ஆக, படமும் இல்லை, சிலையும் இல்லை. பார்த்த சாட்சிகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்துவதற்கு இம்புட்டு ஏற்பாடு. அந்தப் பொண்ணு மண்ணில் உட்கார்ந்ததும், உங்களைத்தான் நினைச்சேன் என்று உருகியதும் என் கண்ணுக்குள் வந்து போயின. உடனே கருப்பம்மாள் வீட்டுக்கு ஓடத்தான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குச் சொன்னால் விடிவதற்குள் அருள்பாண்டி காதுக்குப் போய்விடும், ஆளுக்கு ஒரு பக்கமாக மடக்கிவிடுவார். திருவனந்தபுரம் வண்டி சாத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். பேசாமல் வண்டியில் ஏறி, சாத்தூரில் எல்லாரையும் ஒன்றாக இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நீ பஸ்ஸுல வந்துரு பாண்டிலட்சுமி. நான் எல்லாரையும் கூட்டிட்டு வந்துருவேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

காலையில் வண்டியடிக்குப் போனால், ஒருத்தி விடாமல் பருத்திச் சேலையில் நிற்கிறார்கள். தீப்பொறிக்குப் பயந்து வேலைக்குக் கட்டுகிற அதே பழைய சேலை. கொலுசு இல்லை, கண்ணாடி வளையல் இல்லை, கொண்டை ஊசிகூட இல்லை. நானும் அப்படித்தான் போயிருந்தேன்.

"என்னக்கா, டூருக்கு எல்லாரும் வேலைச் சேலையில வந்திருக்கீங்க?" என்று ஹர்ஷினி சிரித்தாள்.

"நீங்கதான பாப்பா அம்புட்டுச் சொன்னீக. வழவழ சேலையக் கட்டிட்டு வந்து, அங்கன தீப்பொறி கீப்பொறி பறந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்றாள் கருப்பம்மாள்.

ஹர்ஷினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"பாப்பா, திங்கக்கிழமை மியூசியம் தெறந்திருப்பாகளா?"

அவள் செல்போனைத் தட்டிப் பார்த்தாள். கை நின்றுவிட்டது. "ஐயோ, ஞாயித்துக்கிழமைக்குத்தான் எல்லாம் பாத்து வச்சேன். அப்பா நாளை மாத்தினப்ப நான் திரும்பப் பாக்கவே இல்லையே" என்றாள். அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, மியூசியம் இன்னிக்கு லீவாம். உங்களுக்குத் தெரியுமா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "தெரிஞ்சேவா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். போனை மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க" என்றாள்.

"இன்னைக்குச் சாத்தூருல விசாரணை இருக்கு. எந்தம்பி செத்ததுக்கு. அதையும் சொன்னாகளா?"

அவள் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இவளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளைதான் என்று எனக்குள் முடித்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினேன். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லீவு, விசாரணை, நம்மைக் கண் மறைவாகக் கொண்டுபோகிற திட்டம், எல்லாம்.

ஒருத்தி முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"தெரியும்டி" என்றாள் கருப்பம்மாள்.

"என்ன தெரியும்?"

"மியூசியம் லீவுங்கிறது தெரியாது. விசாரணை தெரியும். வெள்ளிக்கெழமை ராவுல அருள்பாண்டி வீடு வீடா வந்து சொல்லிட்டாரு. ஒன் வீட்டத் தவிர." அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே பேசினாள். "கம்பெனிய மறுபடி பூட்டிட்டா என்னத்தத் திங்கிறது? ரெண்டு மாசம் நாம பட்டது பத்தாதா? முனியராசு நல்லவன்தான். சொன்னா எந்திரிச்சா வரப்போறான்?"

முதலாளியைச் சந்தேகப்பட்டேன். அவர் மகளை, போர்மேனை, பார்த்தே இராத ஒரு மியூசியத்தை, கேரளாவையே சந்தேகப்பட்டேன். இத்தனை வருசம் என் குழம்பை ஊற்றித் தின்றவளை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரையும் வெறுத்தேன். பாண்டிலட்சுமிக்கு நான் கொடுத்த வாக்கை நினைத்து என்னையும் வெறுத்தேன்.

சாத்தூர் வந்தது. "வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சாத்தூருல நிறுத்தக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காக."

"நிறுத்துங்கண்ணே" என்றாள் ஹர்ஷினி. அவ்வளவுதான் சொன்னாள்.

நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் யாராவது இறங்குவார்கள் என்று கொஞ்சம் நின்றேன். கருப்பம்மாள் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினார்கள், வண்டி போய்விட்டது.

விசாரணை ஆபீஸ் வாசல் பெஞ்சில் பாண்டிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்தாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு எதிரில் அருள்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் சமாளித்துக்கொண்டார். நான் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"கூடப் பொறந்த பாசத்துல சொல்றா சார். பீடிய நானே என் கண்ணால பாத்தேன்" என்றார் அருள்பாண்டி.

"வேற யாரு இருந்தாங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

பேர்களைச் சொன்னேன்.

"அவங்களுக்கும் தகவல் போயிருக்கே. ஏன் வரல?"

"திருவனந்தபுரத்துக்கு மியூசியம் பாக்க அனுப்பியிருக்காகய்யா. இன்னைக்கு அந்த மியூசியம் லீவு."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அருள்பாண்டியைப் பார்த்தார். அருள்பாண்டி மின்விசிறியைப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்க."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கருப்பம்மாள் நம்பர்தான். இல்லை என்று சொல்லப்போகிறாள், அதைப் பாண்டிலட்சுமியும் கேட்கப்போகிறாள் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அதிகாரி போனை மேசை மேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். வண்டி ஓடுகிற இரைச்சல் கேட்டது. அதிகாரி தான் யார் என்று சொல்லிவிட்டு, "முனியராஜ் இறந்த அன்னைக்கு நீங்க அந்த ரூம்ல வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார்.

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அருள்பாண்டியின் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

"அவன் பீடி குடிக்க மாட்டான்யா" என்றாள் கருப்பம்மாள். "பக்கத்துல யாரையும் குடிக்க விடமாட்டான். நாங்க அத்தன பேரும் அந்த ரூம்லதான் வேலை பாத்தோம். தட்ட இழுக்கச் சொன்னது போர்மேன்யா. எங்க காதால கேட்டோம்."

பாண்டிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவள் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"இதை நேர்ல வந்து சொல்வீங்களா? இப்ப எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டுத்தான்யா இருக்கோம், கயத்தாறு தாண்டியாச்சு. நாங்குநேரில சாப்பிட எறங்குனோம். எலையில வச்ச இட்லி ஒருத்திக்கும் தொண்டையில எறங்கல. பாப்பா எங்ககிட்ட வந்து, அன்னைக்கு உண்மையிலேயே என்ன நடந்துச்சுக்கான்னு கேட்டுச்சு. சொல்லிட்டோம். வண்டியத் திருப்புங்கன்னு பாப்பாதான் சொல்லுச்சு. ஐயா, இருளாயி அங்கன இருக்காளா? இருந்தா, போயிராம இருக்கச் சொல்லுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். பாண்டிலட்சுமிதான் தலையை நிமிர்த்தி, "இருக்காகக்கா, நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்" என்று போனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. நடுவழியில் முதலாளி போன் போட்டு மனசை மாற்றிவிட்டால்? கயத்தாறு என்று சொன்னதே பொய்யாக இருந்தால்? வாசலில் போய் வெயிலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நின்று, கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் நான் உள்ளே போனேன்.